பேர் இல்லாத போட்டு

மூடி வெச்ச எதையும் நான் நம்ப மாட்டேன். கடையில பொட்டலம் கட்டிக் குடுத்தா அங்கயே பிரிச்சுப் பாத்துட்டுத்தான் நகருவேன். எங்கம்மா வனஜா தவளக்குப்பம் ஜங்ஷன்ல மீன் விக்குது. "தென்றலைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி, ராத்திரி தூங்கினா அவன் மண்டையைப் பிரிச்சுப் பாப்பா"ன்னு பக்கத்துல கூடை வெச்சிருக்கறவங்ககிட்ட சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டும். இந்தக் கடலோரத்துல ஏமாந்தவங்க எத்தினி பேருன்னு எனக்குத் தெரியும்.

அதே ஜங்ஷன்ல ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில நான் வேலை செய்யறேன். என்கூட காலேஜுல படிச்ச கலைவேந்தன் சோரியாங்குப்பத்துக்காரன். வூட்டுல கரும்பு. அவன் கரும்புக் கொல்லைக்குப் போனா சோகை இலை கிழிக்குதுன்னு சாக்கு சொல்லிட்டு எங்க கடையில வந்து உக்காந்துக்குவான். அவனும் நானும் சேர்ந்துதான் அந்த மாட் பண்ணோம்.

மாட்னா இன்னான்னு அம்மாவுக்கு நான் சொன்னது இப்படித்தான்: எவனோ கட்டின வூட்டுல நாம ஒரு ரூம் எடுத்துக் கட்டறது. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் போட்டு ஓட்டற கேம் பண்ணி வெச்சிருக்கான். அதுல பனிமலை இருக்கு, பெரிய பெரிய கப்பல் இருக்கு, எங்க ஊரு பனித்திட்டு இல்ல. நாங்க கொண்டாந்து வெச்சோம். எங்க ஃபைபர் போட்டு, ஏலக்கூடம், கோயில் கோபுரம், தண்ணி டேங்கு, எல்லாம். ஒவ்வொருத்தன் போட்டுக்கும் அவன் பேரு மேல தெரியும். ஊர்ப் பசங்க பைத்தியம் ஆயிட்டானுங்க. பகல்ல நிஜப் போட்டுல போய்ட்டு வந்து சாயந்திரம் செல்லுல போட்டு ஓட்டறானுங்க, கேட்டா அது வேற இது வேறன்றானுங்க.

அதுல எனக்கு ஒரே ஒரு சட்டம். எல்லாம் தொறந்து கிடக்கணும். நாங்க எழுதின ஒவ்வொரு வரியையும் எவன் வேணா எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம், தப்பு கண்டுபிடிச்சுத் திட்டலாம். ஊர்ப் பெரியவங்க வந்து, இந்த கேமு எங்க பசங்களை இன்னா பண்ணுதுன்னு கேட்டப்போ, "ஒவ்வொரு வரியும் நான் படிச்சிருக்கேன், உங்க வூட்டு விஷயம் எதுவும் வெளிய போவாது"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் எல்லாரும் சும்மா இருந்தாங்க.

ஆனா தண்ணி வரல. மத்ததெல்லாம் வந்துச்சு, கடல் மட்டும் ஏரித் தண்ணி கணக்கா அசையாம கிடந்துச்சு. நானும் எழுதி எழுதிப் பாத்தேன். பசங்க கிண்டல் பண்ணானுங்க, "அக்கா, இது இன்னா பாகூர் ஏரியா?"ன்னு. அப்பதான் கலை ஒரு ஃபைலைக் கொண்டாந்தான். நெட்டுல சால்ட்டுன்னு பேரு வெச்சிருக்கற ஒருத்தன் சும்மா குடுத்தானாம். போட்டதும் அலை எழுந்துச்சு. கரையில மடிஞ்சு நுரை தள்ளுச்சு. போட்டு மூக்கு தூக்கி எறங்கறதைப் பாத்ததும் நான் மேசையைப் பிடிச்சுகினேன், அவ்ளோ நிஜம்.

"தொற, உள்ள பாக்கணும்"ன்னேன்.

"தொறக்க வராது. மூடித்தான் குடுத்திருக்கான். தண்ணி எப்படிப் பண்ணான்றது அவன் ரகசியமாம்."

"அப்ப வேணாம். தூக்கி வெளிய போடு."

கலைக்குக் கோவம் வராது, வந்தா சிரிப்பான். சிரிச்சுகினே கேட்டான்: "எல்லாத்தையும் தொறந்து வைன்றியே, உங்கப்பா பாறை எங்க இருக்குன்னு தொறந்து சொல்லு பாப்போம்."

பாறைன்னா எங்க ஊருல சும்மா இல்ல. கடலுக்கு அடியில பாறை இருந்தா மீன் அண்டும். எந்தப் பாறை எங்க இருக்குன்னு ஒவ்வொரு வூடும் வாயைத் தொறக்காது, அண்ணன் தம்பிக்குள்ளயே சொல்லிக்க மாட்டாங்க. எங்கப்பா பேரு சம்மந்தம், அவரு பாறை எங்க தாத்தா கண்டது. சுனாமியில போட்டு போச்சு, வலை போச்சு, வூடு போச்சு. பாறை மட்டும் எடத்துல இருந்துச்சு, அதை வெச்சுத்தான் அப்பா மறுபடியும் எழுந்தாரு. நான் படிச்சதும் அந்தப் பாறையிலதான். இப்ப என் தம்பி சிலம்பரசன் கைக்கு அது வர்ற நேரம்.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். சால்ட்டோட ஃபைலைத் தனி ஃபோல்டருல வெப்போம், இது எங்களுது இல்ல, உள்ள இன்னா இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு மேலயே எழுதிப் போடுவோம். எழுதினது நான்தான். எவனும் அதைப் படிக்கல. நானே சால்ட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், உள்ள பாக்க வுடுன்னு. அவன் ஒரே வார்த்தை திருப்பிப் போட்டான். நம்பு.

பெரிய விசைப்படகுங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. எங்க ஃபைபர் போட்டுங்க கிட்டக்க போய் சீக்கிரம் திரும்பிடும், பசங்களுக்கு நேரம் நெறைய. அப்ப ஒருத்தன் கேட்டான், ஜி.பி.எஸ் கார்டைக் கேமுல போட முடியுமான்னு. எங்க போட்டு ஒவ்வொண்ணுலயும் கையடக்கமா ஒரு ஜி.பி.எஸ் இருக்கும். எந்தப் பாறை எங்கன்ற பாயின்ட் எல்லாம் அதுல இருக்கற கார்டுலதான் ஏத்தி வெச்சிருப்பாங்க. அந்த கார்டைப் போட்டா அவனவன் பாறை அவனவன் கேமுல மட்டும் தெரியணும், மீன் அங்க கிடைக்கணும். கேமுலருந்து திரும்ப கார்டுக்கும் ஏத்திக்கணும், எப்பவாச்சும் கார்டு கெட்டா ஆகும். நல்ல யோசனைதான். ரெண்டையும் எழுதிக் குடுத்தேன். அடுத்தவன் கண்ணுல பட்டா வெட்டிக்குவோம்னு பாறையைப் பொத்திப் பொத்தி வெச்ச ஊரு, பக்கத்து வூட்டுக்காரன் பாக்காம இருந்தாப் போதும்னு கார்டைக் கேமுல போட்டுச்சு. பக்கத்து வூடு பாக்கல. அது உண்மை.

எங்க ஊரு குழந்தைவேல் மாமா பையன்தான் மொதல்ல கார்டைப் போட்டான். அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்து சொன்னான்: "அக்கா, என் பாறை மேல ஒரு போட்டு நிக்குது. பேரு இல்ல, லைட்டு இல்ல, இன்ஜினும் ஓடல."

"யாருனா ஃப்ரெண்டா இருக்கும்டா."

"ஃப்ரெண்டுக்கு என் பாறை எப்படித் தெரியும்?"

நான் போய்ப் பாத்தேன். நின்னுகினு இருந்துச்சு. எங்க போட்டு மாதிரி இல்ல, பெரிசு, இரும்பு நெறம். என் போட்டை அதுகிட்ட ஓட்டிகினு போனா நகராது. சுத்திச் சுத்தி வந்தேன். கேமுதானேன்னு மனசுக்குச் சொல்லிகினே கரைக்குத் திருப்பினேன். கலை அதைத் தப்புன்னான், படம் சரியா வரல, அடுத்த தடவை சரி பண்ணிடலாம்னான்.

தடைக்காலம் முடிஞ்ச கையோட குழந்தைவேல் மாமா தன் பாறைக்குப் போனாரு. அங்க வெளியூரு இரும்பு போட்டு ரெண்டு, இழுவை மடின்ற பெரிய வலையைப் போட்டு அடியோட வாரிகினு இருந்துச்சாம். மடி பாறையைச் சுரண்டிடுச்சு. அதுக்கப்புறம் அவரு வலையில வந்தது சேறும் உடைஞ்ச சிப்பியும்தான். ஏலக்கூடத்துல குந்திகினு, "யாரோ சொல்லிட்டாங்க, நம்ம ஊருல எவனோ வித்துட்டான்"னு அழுதாரு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துகினாங்க. எனக்குக் கேமுல பாத்த அந்த இரும்பு நெறப் போட்டு ஞாபகம் வந்துச்சு.

கடைக்கு வந்து நெட்டுப் போக்குவரத்தை ஒண்ணொண்ணாப் பாத்தேன். எங்க வரி எதுவும் எதையும் அனுப்பல. சால்ட்டோட தண்ணிதான் அனுப்பிகினு இருந்துச்சு. ஆழம் தெரிஞ்சாத்தான் அலை பண்ண முடியும், அதுக்குன்னு பாயின்ட்டை எல்லாம் கேக்கும், நாங்களும் குடுத்தோம். குடுத்ததை எங்கயோ கொண்டு போய்க் கொட்டிகினு இருந்துச்சு. நான் எழுதாத, படிக்காத ஃபைலு ஒண்ணை உள்ள வுட்டுட்டு, எல்லாத்தையும் படிச்சேன்னு ஊருக்குச் சொன்ன வார்த்தையை அப்படியே வுட்டு வெச்சிருந்தேன். என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அன்னிக்கு சாயந்திரம் வூட்டுல சிலம்பு தரையில படுத்துகினு கேமு ஆடிகினு இருந்தான். எட்டிப் பாத்தேன். அப்பா கார்டு. போன வாரமே போட்டுட்டானாம், மீன் நெறைய கிடைக்குதுன்னு சந்தோஷமா காட்டறான். அப்பா பாறை மேல அந்தப் பேரு இல்லாத போட்டு வந்து நின்னுகினு இருந்துச்சு.

கலைகிட்ட சொன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "தூக்கிடலாம். ஃபைலைத் தூக்கிட்டு, நடந்ததை எல்லாருக்கும் தொறந்து சொல்லிடலாம். ஊருக்கும் சொல்லிடலாம். நீ சொல்ற சட்டம்தானே அது?"

"சொன்னா? போன பாயின்ட் திரும்பி வருமா? எங்கப்பா பாறை இன்னும் வாரப்படல. இப்ப தூக்கினா, நாம கண்டுபிடிச்சுட்டோம்னு அவனுக்குத் தெரியும். நாளைக்கே வந்து வாருவான்."

"அதுக்கு?"

"பாறையை நகத்தப் போறேன்."

எங்க பாறைக்கு வடக்கால, தூரத்துல, சரக்கு ஏத்தற பழைய பார்ஜு கப்பல் ஒண்ணு முழுகிக் கிடக்கு. இரும்புக் குவியல். வலை போட்டா கவ்விக்கும், இன்ஜின் வெச்சு இழுத்தா வலை வராது, போட்டோட பின்பக்கம் தண்ணிக்குள்ள போய்டும். எங்க ஊரு பாக்யராஜ் அண்ணன் அங்கதான் போனாரு, போட்டுதான் கரைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறது இல்ல. நான் கேமுல அப்பா பாறை பாயின்ட்டை அந்த பார்ஜு மேல கொண்டு போய் வெச்சேன். மத்தவங்க பாறையையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி வெச்சேன். இரும்பு போட்டு வரட்டும், மடியைப் போடட்டும், கிழிச்சுகினு போவட்டும்னு பல்லைக் கடிச்சுகினு பண்ணேன்.

ஆனா எங்க மாட் தொறந்து கிடக்கறது ஆச்சே. இந்தப் பொய்யை அதுல எழுதினா ஊரே படிக்கும், சால்ட்டும் படிப்பான். அதனால அந்தத் துண்டை மட்டும் மூடினேன். எவனும் பிரிக்க முடியாதபடி மூடி, ஒரு ஃபோல்டருல போட்டு, எல்லாருக்கும் அனுப்பினேன்.

கலை அதைப் பாத்துட்டு சிரிக்கவே இல்ல. "உன் ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது தென்றலு."

"தொறக்காது."

"உள்ள இன்னா இருக்குன்னு பசங்க கேட்டா?"

"நம்புன்னு சொல்லு"ன்னேன். சொல்லி முடிச்சதும் என் வாயே எனக்குப் பிடிக்கல.

ஒண்ணு மட்டும் சொல்லணும், அது வேலை செஞ்சுது. பாறையை நகத்தின மறுநாள் கேமுல அந்த இரும்பு போட்டு எங்க பாறை மேல இல்ல. பார்ஜு எடத்துல போய் நின்னுகினு இருந்துச்சு. பழைய பாயின்ட் தப்பு, புதுசுதான் சரின்னு இரும்பு போட்டுக்காரனுங்க எடுத்துகினானுங்க. நான் சொன்னா நகருது, அதே லைட்டு இல்லாம. அதைப் பாக்கச் சந்தோஷமாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. சிலம்புகிட்ட போய், "இனிமே அப்பா கார்டைக் கேமுல போடாதடா"ன்னேன். ஏன்னு கேட்டான். "சொன்னா கேளு. அக்காவை நம்பு." அவன் தோளைக் குலுக்கிட்டுப் போய்ட்டான். உண்மையைச் சொல்லியிருந்தா அவன் அப்பாகிட்ட சொல்வான், அப்பா ஊர்க்கூட்டத்துல சொல்வாரு, அப்புறம் அது பத்து பேரு வாயில பூந்து இரும்பு போட்டுக்காரன் காதுக்கே போய்ச் சேரும்னு நெனச்சேன்.

அந்த வாரம் அப்பா கால்ல கெளுத்தி முள்ளு ஏறி சீழ் வெச்சுது. கடலுக்குப் போவ முடியல, சிலம்பு தனியா ரெண்டு ஆளை ஏத்திகினு போக ஆரம்பிச்சான். அப்பா கரையைப் பாத்து கடலை அளக்கறவரு. கோபுரமும் டேங்கும் எந்த நேருல வந்தா நம்ம பாறைன்னு அவருக்குக் கண்ணுலயே இருக்கும். சிலம்பு ஜி.பி.எஸ் அம்பு காட்டற பக்கம் ஓட்டறவன். கரை மூடி மூட்டமா இருந்தா அப்பா திரும்பிடுவாரு, இவன் போவான்.

அன்னிக்கு மூட்டம். கடையில ஒரு லேப்டாப்பைப் பிரிச்சு வெச்சுகினு இருந்தேன். செல்லுல சிலம்போட வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு காலையிலயே வந்து கிடந்துச்சு. மத்தியானம்தான் கேட்டேன்.

"அக்கா, ஜி.பி.எஸ்ல தண்ணி பூந்து கார்டு காலி ஆயிடுச்சு. அப்பாகிட்ட சொன்னா திட்டும். நல்ல வேளை நீ பண்ண கேமுல பாயின்ட் எல்லாம் இருந்துச்சு, ஏத்திகினேன். நீ போடாதன்னுதான் சொன்ன, எடுக்காதன்னு சொல்லலையே. கெளம்பிட்டேன்."

பேசிகினே சிரிச்சிருந்தான். அவன் ஏத்திகினது நான் பார்ஜு மேல மாத்தி வெச்ச பாயின்ட். கூப்பிட்டுப் பாத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியன்னுச்சு. கலை வண்டியை எடுத்தான். என் மூஞ்சியைப் பாத்தே அவனுக்குப் புரிஞ்சிருக்கும்.

பனித்திட்டு ஏலக்கூடத்துலதான் ஊரு வயர்லெஸ் இருக்கு. எங்க போட்டுங்க எல்லாம் அதே சேனல்ல பேசும். மூடி வெச்சுப் பேசறதுக்கு அதுல வழி இல்ல, கடல்ல யாரு செட்டு வெச்சிருந்தாலும் கேக்கும். அப்பா அங்கதான் காலை நீட்டிகினு வலைக்கு முடிச்சு போட்டுகினு இருந்தாரு. "இன்னாடி, வேலையை வுட்டுட்டு ஓடியாற?"ன்னாரு.

செட்டை எடுத்தேன். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. இது பொய்ப் பாயின்ட்னு நான் சொன்னா, இரும்பு போட்டுக்காரனுங்க காதுலயும் வுழும். புதுசு பொய்ன்னா பழசுதானே நிஜம். பழசு அவனுங்ககிட்ட இருக்கு. பாறையை மூடி வெக்கணும்னா நான் வாயை மூடணும். அங்க என் தம்பி பார்ஜு மேல நின்னுகினு இருக்கான்.

அமுக்கினேன். "சிலம்பு. சிலம்பு. அக்கா பேசறேன். வலையை வுடாத. அது நம்ம பாறை இல்ல. கீழ பார்ஜு கிடக்கு. பாயின்ட்டை நான்தான் மாத்தி வெச்சேன், அது பொய்."

இரைச்சல்தான் வந்துச்சு. அப்பா கையில இருந்த ஊசி நின்னுது.

"சிலம்பு, வலை வுட்டிருந்தா அறுத்து வுடு. இழுக்காத. இன்ஜினைப் போட்டு இழுக்காதடா. அறுத்துட்டு வந்துடு."

திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேன், அப்புறம் சத்தமே வராம சொன்னேன். ஏலக்கூடத்துல இருந்தவங்க எல்லாம் கிட்ட வந்துட்டாங்க. குழந்தைவேல் மாமா என்னையே பாத்துகினு இருந்தாரு. அவருக்குப் புரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

செட்டு கரகரன்னுச்சு. "அறுத்துட்டேன்." சிலம்பு குரல்தான், மூச்சு வாங்குது. "பின்பக்கம் பூந்துடுச்சுக்கா, தண்ணி உள்ள வந்துடுச்சு. அறுத்துட்டேன். மூணு பேரும் இருக்கோம். வந்துகினு இருக்கோம்." கொஞ்சம் நிறுத்திட்டு, "நீதானே நம்புன்ன"ன்னான்.

நான் தரையில குந்திட்டேன். கலை என் கையில இருந்து செட்டை வாங்கி மேசை மேல வெச்சான். வெச்ச ஒடனே அது மறுபடியும் கரகரன்னுச்சு. ஒரு ஆம்பள குரல், எங்க ஊரு பேச்சு இல்ல, ரொம்ப நிதானமா.

"அப்ப பழைய பாயின்ட்டே சரி. தேங்ஸ் தங்கச்சி."



"யாருடி அது?"ன்னாரு அப்பா.

அப்பதான் சொன்னேன். தண்ணி ஃபைலு, கார்டு, பேரு இல்லாத போட்டு, நான் மூடின ஃபோல்டரு, ஒண்ணு வுடாம. குழந்தைவேல் மாமாவைப் பாத்துகினே சொன்னேன், வேற பக்கம் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல. அடிப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் கிட்டகூட வரல.

அப்பா காலைத் தூக்கித் தூக்கி வெச்சு மேசைகிட்ட வந்தாரு. செட்டை எப்படிப் பிடிக்கறதுன்னு பாத்துப் பிடிச்சாரு. பட்டனை அமுக்கினாரு.

"தம்பி, யாருன்னு தெரியல. அது எங்கப்பன் கண்ட பாறை. கெடக்கட்டும், வர்றதுன்னா வா. மடி மட்டும் போடாத. இப்ப அங்க சினை மீனு அண்டியிருக்கற நேரம். தூண்டி போட்டுப் புடிச்சுக்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மடி போட்டா பாறையே போய்டும்."

விரலை எடுத்துட்டு, செட்டைக் காதுகிட்ட வெச்சுகினு நின்னாரு. இரைச்சல் வந்துகினே இருந்துச்சு. பதில் சொல்லுவான்னு ரொம்ப நேரம் நின்னுகினே இருந்தாரு.